உயிரிமருத்துவ ஆராய்ச்சியாளர் ஆக எத்தனை ஆண்டுகள், அவை எப்படிப்பட்ட ஆண்டுகள்?

உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருப்பதாகச் சொல்லி மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். உயிரிமருத்துவ ஆராய்ச்சியாளர் ஆக எத்தனை ஆண்டுகள் பிடிக்கும், அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுமா, எல்லாம் முடிந்த பிறகு வேலை உறுதியா என்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் ஒரே கேள்விதான் தெரிகிறது: இருபதுகளின் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனால் அத்தனை ஆண்டுகளும் வீணா? என் ஆய்வகத்துக்கு வந்த மாணவர்கள் பலரும் இதை நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்டிருக்கிறார்கள். வீணாகாது என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முனைவர் பட்ட ஆய்வை யாரிடம், எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நான் புற்றுநோய் செல் உயிரியலில் ஆய்வக மேசையில் வேலை செய்து வளர்ந்து, பிறகு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்தவன். செல், புரதம், விலங்கு மாதிரிகள் பற்றி நான் சொல்வது நேரடி அனுபவம். மருத்துவமனை சார்ந்த ஆய்வு, கணினி சார்ந்த ஆய்வு பற்றிச் சொல்வது உடன் பணியாற்றியவர்களைப் பார்த்து அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டத்துக்கு 3 அல்லது 4 ஆண்டுகள். அதன் பிறகு பாதை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு நேரே முனைவர் பட்டப் படிப்பில் சேரலாம். ஆனால் அது 5 முதல் 6 ஆண்டுகள் நீளும். முதல் ஆண்டில் வகுப்புகள் இருக்கும். கூடவே இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்க்கும் சுழற்சியும் இருக்கும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் முதுநிலைப் பட்டம் கையில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பிரிட்டனில் நல்ல மதிப்பெண் பெற்ற இளநிலைப் பட்டதாரிகள் நேரே சேர்வதும் நடக்கிறது. அங்கெல்லாம் முனைவர் பட்டம் 3 முதல் 4 ஆண்டுகளில் முடிய வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் சற்றுக் கூடுவதுண்டு. ஆக, போகும் பாதையைப் பொறுத்து, பள்ளி முடிந்து ஏறத்தாழ 7 முதல் 10 ஆண்டுகளில் முனைவர் ஆகிவிடலாம். சொந்த ஆய்வகம் நடத்த விரும்பினால் அதற்கு மேல் போஸ்ட்டாக் என்று சொல்லப்படும் மேலாய்வுக் காலம் இருக்கிறது. அது 3 முதல் 6 ஆண்டுகள் வரை போகலாம்; ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களாகத்தான் ஓடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் தனி ஆய்வாளர்களுக்கு வழங்கும் முதன்மையான நிதிநல்கையை முதன்முறையாகப் பெறுபவர்களின் சராசரி வயது பல ஆண்டுகளாகவே நாற்பதைத் தாண்டி நிற்கிறது. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் நடுவில் வரும் மனக்கசப்பு பெரிதும் குறையும்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் முனைவர் பட்டம் என்பது கைக்காசு போட்டுப் படிப்பதாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் உயிரிமருத்துவத் துறைகளில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தருவது வழக்கம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் போன்ற இடங்களில் முனைவர் பட்ட மாணவர்களில் பலர் சம்பளம் வாங்கும் ஊழியர்களே. ஓர் ஆய்வகம் இடம் தருகிறது, பணம் தருவதில்லை என்றால், அந்த ஆய்வகத்தில் வேதிப்பொருள் வாங்கவும் பணம் இருக்காது என்று கொள்ளலாம். உதவித்தொகை கிடைத்தாலும் அது உங்கள் வயதுத் தோழர்கள் வேறு வேலைகளில் வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். குடும்பப் பொறுப்பு தோளில் இருப்பவர்கள் இதை எடைபோட்டு, முதுநிலைப் பட்டத்தோடு ஒரு நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தால் அதில் எந்தக் குறைவும் இல்லை. பின்னாளில் முனைவர் பட்டத்துக்குத் திரும்பி வருபவர்களும் உண்டு. அவர்களிடம் கை நேர்த்தியும் பொறுமையும் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று முதன்முதலில் நுட்பமாக அளந்து காட்டிய ரோசலின் யாலோ, அணு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடன் சேர்ந்து வேலை செய்த சாலமன் பெர்சன் மருத்துவர். கதிரியக்கத்தைக் கொண்டு ஹார்மோன்களை அளக்கும் அந்த முறைக்காக 1977இல் யாலோவுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வேதியியல், இயற்பியல், பொறியியல், கால்நடை மருத்துவம், மருந்தியல் என்று எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையில் அவருடைய உடல்நிலைக்கான பொறுப்பை உரிமம் பெற்ற மருத்துவர்தான் ஏற்க முடியும். படுக்கையருகே எழும் கேள்விகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மருத்துவமும் ஆராய்ச்சியும் இணைந்த இரட்டைப் பட்டம் பொருந்தும். அமெரிக்காவில் இதற்கான அரசு நிதித் திட்டம் 1964 முதல் இருக்கிறது. படித்து முடிக்க 7 அல்லது 8 ஆண்டுகள் பிடிக்கும், அதன் மேல் சிறப்புப் பயிற்சி வேறு. உயிர்வேதியியல் படித்த உங்களுக்கு இப்போது அந்தத் திசையில் திரும்ப வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

படிப்பில் எதற்கு முன்னுரிமை தருவது என்று கேட்டால், தயங்காமல் புள்ளியியல் என்பேன். நோயெதிர்ப்பியலையும் மரபியலையும் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம், ஆய்வகமே கற்றுக்கொடுக்கும். ஒரு சோதனையில் எத்தனை மாதிரிகள் வேண்டும், ஒரே குடுவையில் வளர்ந்த செல்களை மூன்றாகப் பிரித்து அளந்தால் அது மூன்று சோதனையா ஒன்றா என்பவை பிற்பாடு தானாக வந்துவிடும் என்று விட்டவர்கள், பட்டம் வாங்கிய பிறகும் தடுமாறுகிறார்கள். (அது ஒரே சோதனைதான்.) அத்தோடு, தரவுகளைக் கையாளும் அளவுக்கு ஒரு நிரல்மொழி, தெளிவாக எழுதும் பழக்கம்.

இனி, முனைவர் பட்ட ஆண்டுகளில் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதற்கு வருகிறேன். செல்கள் மீது மருந்துகளைச் சோதிக்க 96 குழித் தட்டு என்று ஒன்று எல்லா ஆய்வகங்களிலும் இருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, 12 நிரல். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் மருந்தின் உச்ச அளவை இடது ஓர நிரலில் போட்டு, வலப்புறம் போகப் போக அளவைக் குறைத்து, மருந்தே இல்லாத செல்களை நடுவில் வைத்திருந்தார். மூன்று நாள் கழித்து அளந்தபோது அழகான வளைகோடு வந்தது: மருந்து கூடக் கூடச் செல்கள் குறைந்தன. மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினார். மருந்து போடாத செல்களை ஓரக் குழிகளிலும் வைத்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அடுத்த முறை வைத்துப் பார்த்தார். மருந்தே படாத செல்களும் ஓரத்தில் வாடியிருந்தன. செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் 37 பாகை வெப்பத்தில் ஓரக் குழிகளிலிருந்துதான் செல்களுக்கான ஊட்டத் திரவம் அதிகமாக ஆவியாகிறது, எஞ்சிய திரவத்தில் உப்பு செறிகிறது, செல்கள் தளர்ந்துபோகின்றன. அதன் பிறகு அவர் ஓரத்திலுள்ள 36 குழிகளில் செல்களே வைக்காமல் வெறும் உப்புக் கரைசலை நிரப்பி, உள்ளே இருக்கும் 60 குழிகளில் மருந்தின் அளவுகளை வரிசை கலைத்துப் போட்டார். மருந்துக்கு வீரியம் இருந்தது. முதல் வளைகோடு காட்டிய அளவுக்கு இல்லை.

இதில் அவர் கற்றது தட்டைப் பற்றிய ஒரு தகவலை மட்டுமல்ல. நமக்குப் பிடித்த விடை வரும்போது, அந்த விடை வேறு எந்த வழியில் வந்திருக்கலாம் என்று தேடி, அந்த வழியை அடைக்கும் கட்டுப்பாட்டுச் சோதனையை வடிவமைக்கும் பழக்கத்தையே கற்றார். அது எளிதில் வந்துவிடுவதில்லை. ஒரு புரதத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் எதிர்ப்பொருள் வேறு புரதத்தோடு ஒட்டிக்கொள்வது, வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பது, நாம் வளர்ப்பதாக நினைக்கும் செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) வேறொன்றாக இருப்பது என்று ஏமாறும் வழிகள் ஏராளம். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவர் அறியாமலேயே எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்கள் உலகெங்கும் மற்றச் செல் வரிசைகளுக்குள் புகுந்துவிட்டன என்பது 1960களிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. அதன் பின்னும் பல ஆண்டுகள் கலப்படச் செல்களை வைத்துக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 2012இல் கிளென் பெக்லியும் லீ எல்லிசும் நேச்சர் இதழில் எழுதியபோது, ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வின் 53 முக்கியக் கட்டுரைகளை மீண்டும் செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டதாகச் சொன்னார்கள். எந்தெந்தக் கட்டுரைகள் என்ற முழுப் பட்டியலை அவர்கள் அப்போது வெளியிடவில்லை. ஆகவே அந்த விகிதத்தை அப்படியே துறை முழுவதற்கும் பொருத்துவது சரியல்ல. ஆனால் பிரச்சினை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. இந்தப் பழக்கத்தை உங்களுக்குள் ஊன்றும் ஆய்வகத்தில் நான்கைந்து ஆண்டுகள் இருந்தால், பிறகு எங்கே போனாலும் அது உங்களோடு வரும். வீணாகாது என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

ஆகையால் தலைப்பைவிட நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய முடிவு. பல்கலைக்கழகத்தின் பெயர், ஆய்விதழின் பெயர், துறையில் இப்போது பேசப்படும் தலைப்பு ஆகியவற்றில் மயங்கி முடிவெடுப்பவர்களே அதிகம். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. அங்கே கடந்த பத்தாண்டுகளில் சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? இதைக் கேட்டால் நல்ல நெறியாளர் முகம் சுளிக்க மாட்டார். பெயர் சொல்லிச் சொல்லி மகிழ்வார். நெறியாளர் உடன் இல்லாதபோது மாணவர்களிடம் பேசுங்கள். உங்கள் சோதனை எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ‘மூலத் தரவைக் கொண்டுவரச் சொல்லி உடன் உட்கார்ந்து பார்த்தார்’ என்ற பதில் வந்தால் அந்த இடம் நல்ல இடம். ‘சரியாக வரும்வரை திரும்பச் செய்யச் சொன்னார்’ என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பெயர்பெற்ற ஓர் ஆய்வகத்திலிருந்து மூன்றாம் ஆண்டில் வெளியேறி எங்களிடம் வந்த ஒருவர், வேலை தெரியாதவர் என்ற முத்திரையோடு வந்தார். விரும்பிய விடையைத் தராத தரவை மறைக்க மறுத்திருந்தார், அவ்வளவுதான். அவரைப் போலக் கவனமான கைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆய்வகம் பெரிதா சிறிதா என்பதில் என் கருத்து ஒரு சாய்வு மட்டுமே, விதியல்ல. தொடங்கும்போது சிறிய ஆய்வகம், அதாவது நெறியாளர் வாரம் ஒருமுறையாவது உங்கள் குறிப்பேட்டைப் புரட்டும் இடம், நல்லது. பெரிய ஆய்வகத்தில் கருவிகளும் தொடர்புகளும் கிடைக்கும். ஆனால் உங்களுக்குச் சொல்லித்தருவது நெறியாளராக இருக்காது, அடுத்த மேசையில் இருக்கும் போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கும். அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை உறுதியா என்பதற்கு வருகிறேன். பேராசிரியர் பதவி உறுதியில்லை. முனைவர் பட்டம் பெறுபவர்களில் பெரும்பாலானோர் சொந்த ஆய்வகம் நடத்தும் நிலைக்குப் போவதில்லை. இடங்களைவிடப் பட்டதாரிகள் பன்மடங்கு அதிகம். இதைச் சொல்லாமல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதை நேர்மையற்ற செயலாகவே கருதுகிறேன். அதே சமயம், மற்ற வேலைகளைத் தோற்றவர்களின் புகலிடம் போலப் பேசுவதும் தவறு. எல்லாப்ரகட சுப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டுக்குப் போனவர். அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைத் தசையிலிருந்து கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இருந்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதை எதிர்த்துச் செயல்படும் அமினோப்டெரினைக் கொடுத்ததும் அங்கே அவருடைய தலைமையில் இயங்கிய குழுதான். அந்த மருந்தைக் கொண்டு இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குத் தற்காலிகத் தணிவு கிடைத்ததாக 1948இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் தொடக்கப் புள்ளிகளில் அதுவும் ஒன்று.

இன்று நிறுவனங்களில் மருந்து கண்டுபிடிப்பு, நச்சியல், நோயறி சோதனைகள், மருத்துவப் பரிசோதனைகளை நடத்துதல், மருந்து ஒப்புதலுக்கான ஆவணங்களைத் தயாரித்தல் என்று பல வேலைகள் உண்டு. பல்கலைக்கழகங்களிலேயே நுண்ணோக்கி மையம், மரபணு வரிசைப்படுத்தும் மையம் போன்றவற்றை நடத்தும் நிலையான பதவிகள் இருக்கின்றன. கருவியை நேசிப்பவர்களுக்கு அவை அருமையான இடங்கள். காப்புரிமை, அறிவியல் இதழாசிரியப் பணி, பொதுச் சுகாதாரம் ஆகியவையும் உண்டு. நிறுவன ஆய்வுக்கு அதற்கே உரிய வலி இருக்கிறது. மனிதரிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்பது ஒப்புதல் பெறாமலே போகின்றன. மூன்று ஆண்டு உழைத்த திட்டத்தை ஒரே கூட்டத்தில் மூடிவிடுவார்கள். சம்பளம் மேல், சுதந்திரம் குறைவு. நிறுவன வேலைதான் உங்கள் நோக்கம் என்றால் நீண்ட போஸ்ட்டாக் காலம் பல சமயம் தேவையற்றது. பழக்கத்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போஸ்ட்டாக் செய்துகொண்டே போவதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த பெரிய விரயம்.

யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. எந்தத் துணைத்துறைக்கு பத்தாண்டு கழித்து மதிப்பு இருக்கும் என்பது அவற்றில் ஒன்று. அரசுகளின் நிதி ஒதுக்கீடு எப்படி ஏறி இறங்கும் என்பது இன்னொன்று. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எவ்வளவு மாற்றும் என்பதும் அப்படித்தான். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2020இல் தன் திறனை நிரூபித்தது; அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முன்பு ஒரு புரதத்தின் வடிவத்தைத் தெரிந்துகொள்வதற்கே முனைவர் பட்டக் காலம் முழுவதும் போனதுண்டு. இன்று அந்தக் கணிப்பை வைத்துக்கொண்டு, அந்தப் புரதம் உயிருள்ள செல்லுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கேள்விக்கு இன்னும் ஈரக் கைகள், அதாவது ஆய்வக மேசையில் நேரடியாகச் சோதனை செய்யும் கைகள், தேவைப்படுகின்றன என்பது என் கணிப்பு. ஆய்வக மேசையும் கணினியும் இரண்டும் பழகியவர்களுக்கு இடம் குறையாது என்பது அதைவிடச் சற்று உறுதியான கணிப்பு.

விலங்குகளைப் பற்றியும் இப்போதே யோசித்துவிடுங்கள். இந்தத் துறையின் பல கிளைகளில் எலிகளை வளர்த்து, நோயுண்டாக்கி, முடிவில் கொல்ல வேண்டியிருக்கும். முடிந்தால் மாற்று வழி, இல்லையேல் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்று பிரிட்டிஷ் அறிவியலாளர்களான ரசலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று நெறிகள்தான் இன்றைய விதிமுறைகளுக்கு அடிப்படை. அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை என்றால் அது பலவீனம் அல்ல. செல், திசு மாதிரி, கணினி சார்ந்த ஆய்வகங்கள் நிறைய இருக்கின்றன. சேர்ந்த பிறகு தெரியவந்தால்தான் சிக்கல்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன், ஆறு மாதமாவது ஓர் ஆய்வகத்தில் முழு நேரமாக இருந்து பாருங்கள். முதுநிலைப் பட்டத்தின் ஆய்வுத் திட்டமாக இருக்கலாம், உதவியாளர் வேலையாக இருக்கலாம். பெரும்பாலான நாட்களில் சோதனை பொய்த்துப்போகும். ஏன் பொய்த்தது என்று மறுநாள் காலையில் தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்களா, அல்லது அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே மனம் வரவில்லையா என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண்களைவிட அது சரியாகச் சொல்லும். இடம் கேட்டு எழுதும்போது ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவை எங்களிடம் திறந்த வேகத்தில் மூடப்படுகின்றன. அவர்களுடைய அண்மைக் கட்டுரைகளில் ஒன்றை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அந்த முடிவு வேறு காரணத்தால் வந்திருக்க முடியுமா என்று கேளுங்கள். கேள்வி தவறாக இருந்தாலும் பரவாயில்லை, படித்தது தெரியும். பத்து வரிக்கு மேல் வேண்டாம். எப்போது சேர முடியும், எத்தனை மாதம் இருக்க முடியும், செலவுக்கு என்ன வழி என்பதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு வரி நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆய்வகத்தின் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.